நீண்டதூரக் காட்டு ஓட்டமா? எந்தத் தண்ணீர்ப் பை உங்களுக்குச் சரி?

10 கிலோமீட்டர் ஓடிப் பழகியாச்சு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்கா இணைப்புப் பாதையும் சலித்துவிட்டது. அடுத்து மெக்ரிட்சி காட்டில் இரண்டு சுற்று... அப்படியே மலேசியாவில் ஒரு 30 அல்லது 50 கிலோமீட்டர் மலைப் போட்டி. நண்பர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். நீங்களும்தான்!

இப்போது முதுகில் மாட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு தண்ணீர்ப் பை வேண்டும். இணையத்தில் தேடினால் 5 லிட்டர், 8 லிட்டர், 12 லிட்டர் என்று வரிசையாக வருகின்றன. விலை சில பத்து வெள்ளியில் தொடங்கி 200 வெள்ளியைத் தாண்டிப் போகிறது.

"எதைத்தான் வாங்குறது?"

பொறுங்கள். பையைப் பார்க்கும் முன்னர் பார்க்கவேண்டியவை இரண்டு. உங்கள் உடம்பு. நீங்கள் ஓடப்போகும் பாதை.

எத்தனை கிலோமீட்டர் என்பது முக்கியமில்லையா?

முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியம், ஒரு தண்ணீர்க் குழாய்க்கும் அடுத்த தண்ணீர்க் குழாய்க்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது.

சிங்கப்பூரின் கோஸ்ட்-டு-கோஸ்ட் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூரோங் லேக் கார்டன்சில் தொடங்கிக் கோனி தீவு வரை 36 கிலோமீட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் வழிநெடுகப் பூங்காக்கள், கடைகள், காப்பிக்கடைகள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கையில் ஒரு போத்தல், பாக்கெட்டில் கொஞ்சம் காசு... சமாளித்துவிடலாம்.

பழைய ரயில் தண்டவாளம் இருந்த ரயில் காரிடாரும் அப்படித்தான். 24 கிலோமீட்டர் நீளம் என்றாலும், வேண்டுமென்றால் வெளியேறி ஊருக்குள் வந்துவிடலாம்.

மெக்ரிட்சி கொஞ்சம் வேறு. ஒரு சுற்று சுமார் 10, 11 கிலோமீட்டர். நடுக்காட்டில் கடை கிடையாது. கிளம்பும் இடத்தில் போத்தலை நிரப்பிக்கொள்ளவேண்டும்.

மலேசிய மலைப்பாதை முற்றிலும் வேறு கதை. வேர், சேறு, செங்குத்தான ஏற்றம். சாலையில் 6 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுபவருக்கு அங்கே 12 நிமிடம், சில இடங்களில் 20 நிமிடம்கூட ஆகலாம். சோதனைச் சாவடிகளுக்கு இடையே 10 கிலோமீட்டர் இருந்தால், அது 2 மணி நேரம். தண்ணீர் தீர்ந்தால் யாரிடமும் கேட்கமுடியாது.

ஆக, 36 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போத்தல் போதலாம். 20 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் தேவைப்படலாம். தூரத்தை விட்டுவிட்டு, இடைவெளியை நேரத்தில் கணக்கிடுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது?

தேசிய சேவை செய்தவர்களுக்கு 'வாட்டர் பரேட்' நினைவிருக்கும். எல்லாரும் வரிசையில் நின்று ஒரே அளவு தண்ணீர் குடிக்கவேண்டும். ஒரு படைக்கு அது சரி. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு வியர்ப்பதில்லை. ஓடும்போது ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் போகும். இன்னொருவருக்கு 2 லிட்டர்கூடப் போகும்.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். குளியலறையில் இருக்கும் எடைக் கருவி போதும்.

1. கழிவறைக்குப் போய்விட்டு, ஓடுவதற்கு முன் எடை பாருங்கள். உடையில்லாமல் பார்ப்பது நல்லது.
2. ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் வெளியே ஓடுங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
3. திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மீண்டும் எடை பாருங்கள். வியர்வையில் ஊறிய சட்டையோடு பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

ஒரு கிலோகிராம் குறைந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று பொருள்.

எடுத்துக்காட்டு: போகும்போது 62 கிலோ. வரும்போது 61.3 கிலோ. இடையில் குடித்தது அரை லிட்டர். 0.7 உடன் 0.5 சேர்த்தால் 1.2. அப்படியென்றால் உங்களுக்கு மணிக்குச் சுமார் 1.2 லிட்டர் வியர்க்கிறது.

காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை என்று வெவ்வேறு நாளில் செய்து பாருங்கள். எண் மாறும்.

அப்படியென்றால் 1.2 லிட்டரும் குடிக்கவேண்டுமா?

வேண்டாம். ஓடிக்கொண்டே மணிக்கு ஒரு லிட்டருக்குமேல் குடித்தால் பலருக்கு வயிறு தாங்காது. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு வரை குறைவதைப் பெரும்பாலானோரின் உடல் சமாளித்துக்கொள்ளும். தாகம் எடுக்கும்போது குடிப்பதுதான் அடிப்படை விதி. வியர்வைக் கணக்கு, எவ்வளவு சுமந்து போகவேண்டும் என்பதற்கு.

மேலே சொன்ன ஓட்டக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவர் மணிக்கு 600 மில்லிலிட்டர் குடிக்கிறார். சாவடிகளுக்கு இடையே 2 மணி நேரம். ஆக 1.2 லிட்டர் வேண்டும். வழி தவறினால், கால் பிசகினால் என்று கையிருப்பாக 300 மில்லிலிட்டர். மொத்தம் ஒன்றரை லிட்டர்.

ஒன்று கவனியுங்கள். குடிப்பதைவிட வியர்ப்பது அதிகமென்றால், பற்றாக்குறை மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகும். 6 மணி நேர ஓட்டத்தில் அது பெரிய தொகை. அதனால் சாவடியை அடைந்ததும் அவசரமாகப் போத்தலை நிரப்பிக்கொண்டு கிளம்பாதீர்கள். நின்று, தாகம் தீரக் குடித்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். வேகத்தைக் குறைத்தால் வியர்வையும் குறையும்.

போட்டி என்றால் விதிமுறையையும் பார்க்கவேண்டும். பிரான்சின் ஷாமோனி நகரில் தொடங்கி மோன் பிளாங்க் மலைத்தொடரைச் சுற்றிவரும் சுமார் 170 கிலோமீட்டர் போட்டி, உலகக் காட்டு ஓட்டக்காரர்களின் கனவு. அதில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் வசதி வைத்திருப்பது கட்டாயம். இந்த வட்டாரப் போட்டிகள் பலவற்றிலும் அதைப் போன்ற பட்டியல் இருக்கும். வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

என்னென்ன வகை இருக்கிறது?

கையில் பிடிக்கும் போத்தல்: பெரும்பாலும் அரை லிட்டர். கையோடு சேர்த்துப் பிடிக்க ஒரு பட்டை இருக்கும். ஒன்றரை மணி நேரம் வரையிலான ஓட்டத்துக்குப் பலருக்கு இதுவே போதும். மெக்ரிட்சியில் ஒரு சுற்றுதான் உங்கள் திட்டமென்றால், 200 வெள்ளி செலவு செய்யவேண்டிய அவசியமே இல்லை! ஆனால் கையை ஊன்றி ஏறும் பாதைக்கு ஒத்துவராது.

இடுப்புப் பட்டை: முதுகு காற்றோட்டமாக இருக்கும். நம் வெயிலுக்கு அது பெரிய நிம்மதி. ஒரு லிட்டருக்குமேல் வைத்தால் ஆட ஆரம்பித்துவிடும்.

ஓட்ட வெஸ்ட்: சட்டையில்லாக் கையுடைய மேலங்கிபோல் உடலோடு ஒட்டி இருக்கும். மார்பின் இரு பக்கமும் தலா அரை லிட்டர் மென்போத்தல். குடிக்கக் குடிக்க அது சுருங்கிவிடும். அதனால் தண்ணீர் சளக் சளக்கென்று ஆடாது. எவ்வளவு மிச்சம் என்பதும் கண்ணெதிரே தெரியும். நிரப்புவதும் சுலபம்.

முதுகு நீர்ப்பை: வெஸ்ட்டின் பின்னால் ஒன்றரை அல்லது 2 லிட்டர் பிடிக்கும் ஒரு பை. அதிலிருந்து வரும் குழாயைக் கடித்து உறிஞ்சவேண்டும். நிறைய கொள்ளும். ஆனால் சாவடியில் நிரப்பும்போது சாமான்களை எல்லாம் வெளியே எடுக்கவேண்டியிருக்கும். எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியாது. காலியாகிவிட்டது என்பது, உறிஞ்சும்போது காற்று வந்தால்தான் தெரியும்!

இந்த முதுகு நீர்ப்பை பிறந்த கதை சுவையானது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கொளுத்தும் வெயிலில் நடக்கும் 100 மைல் சைக்கிளோட்டத்துக்கு மைக்கல் ஐட்சன் என்ற அவசர மருத்துவ உதவியாளர் கிளம்பினார். நோயாளிக்கு மருந்து ஏற்றும் பையில் தண்ணீர் ஊற்றி, அதை ஒரு நீளமான காலுறைக்குள் செருகி, சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டார். குழாயைத் தோளுக்குமேல் கொண்டுவந்து, துணி மாட்டும் கிளிப்பால் அடைத்தார். கேமல்பேக் நிறுவனம் அங்கிருந்துதான் தொடங்கியது.

சரி, எது உங்களுக்கு? முதல் முறை வாங்குபவர்களில் பலருக்கு, முன்னால் இரண்டு மென்போத்தலும் பின்னால் நீர்ப்பை வைக்க இடமும் உள்ள வெஸ்ட் பொருந்தும். குறுகிய நாளில் முன்போத்தல் மட்டும். நீண்ட நாளில் பின்பையும் சேர்த்து.

5 லிட்டர் என்றால் 5 லிட்டர் தண்ணீரா?

இல்லை. பலர் இங்குதான் குழம்புகிறார்கள். வெஸ்ட்டின் பெயரில் இருக்கும் எண், அதில் சாமான் வைக்கும் இடத்தின் அளவு. தண்ணீர் அளவு தனி. போத்தல் விலையில் அடங்குமா, தனியே வாங்கவேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

5 லிட்டர் வெஸ்ட்டில் கைத்தொலைபேசி, மெல்லிய மழைச்சட்டை, சிறிய முதலுதவிப் பொருள்கள், சில தின்பண்டங்கள் அடங்கும். இரவு ஓட்டம், தலைவிளக்கு, மாற்று உடை என்று பட்டியல் நீண்டால் 8 முதல் 12 லிட்டர். பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று நினைக்கவேண்டாம். இடம் இருந்தால் எதையாவது திணிக்கத் தோன்றும். பாதி காலியான பை ஆடும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 2 லிட்டர் சுமந்தால், மலையேறும் ஒவ்வொரு அடியிலும் 2 கிலோ அரிசி மூட்டையும் கூடவே ஏறுகிறது.

கடையில் என்ன செய்து பார்க்கவேண்டும்?

மாட்டிப் பார்த்து, கண்ணாடியில் பார்த்து, "நல்லாதான் இருக்கு" என்று வாங்கிவிடாதீர்கள். காலிப் பை எல்லாருக்கும் பொருந்தும்.

போத்தலில் தண்ணீர் ஊற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள். அல்லது அதே எடைக்கு ஏதாவது வைத்துப் பாருங்கள். பிறகு:

• சட்டை அளவை வைத்து வாங்காதீர்கள். மார்புச் சுற்றளவை அளந்து, நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.
• பட்டையை இறுக்கிவிட்டு நன்றாக மூச்சை இழுங்கள். மூச்சு முட்டினால் ஒன்று அளவு சிறியது, இல்லை மாட்டிய விதம் தவறு.
• அந்த இடத்திலேயே குதியுங்கள். வெட்கப்படவேண்டாம்! கடையில் கொஞ்சம் ஆடும் பை, 4 மணி நேரத்தில் கழுத்துப்பட்டை எலும்பைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும்.
• கைகளை ஓடுவதுபோல் வீசிப் பாருங்கள். அக்குளில் உரசக்கூடாது.
• பெண்களுக்கு, மார்புப் பட்டைகளை மேலும் கீழும் நகர்த்தும் வசதி முக்கியம். போத்தல் மார்பை அழுத்தினால், பட்டை இடம்மாறும் வகையையோ போத்தல் விலாப்பக்கம் தாழ்ந்திருக்கும் வகையையோ பாருங்கள்.
• பையைக் கழற்றாமல் போத்தலை எடுத்துத் திரும்பச் செருகமுடிகிறதா? காலிப் போத்தலைச் செருகுவது சுலபம். நிறைந்த மென்போத்தலைச் செருகுவதுதான் சோதனை.
• முதுகுப்பக்கம் வலைத்துணியா? நம் ஊரில் முதுகு நனையாமல் ஓடமுடியாது. சீக்கிரம் காயும் துணி வேண்டும். கைத்தொலைபேசியை ஒரு ஜிப் பைக்குள் போட்டுவிடுங்கள். பலமுறை அதை நனைப்பது மழை அல்ல, உங்கள் வியர்வைதான்.
• பட்டையில் விசில் இருக்கிறதா? காட்டில் கத்தினால் தொண்டை வறளும். விசில் சத்தம் தூரம் போகும்.

உள்ளே எதை ஊற்றுவது?

ஒரு போத்தலில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் உப்புச் சத்துள்ள பானம். பலருக்கு இது எளிய வழி. முகத்தில் ஊற்றவும் காயத்தைக் கழுவவும் வெறும் தண்ணீர் வேண்டுமே!

நம் ஊரில் விளையாட்டு பானம் என்றதும் 100 பிளஸ்தான் நினைவுக்கு வரும். 1983இல் அறிமுகமானது. ஒரு சின்ன எச்சரிக்கை. வாயு உள்ள வகையை மென்போத்தலில் ஊற்றி ஓடினால், குலுக்கலில் போத்தல் உப்பிப் பீய்ச்சி அடிக்கும். வாயு இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராமுக்கு நெருங்கிய சோடியம் போகிறது. சிலருக்கு அதில் பாதிகூட இருக்காது. சிலருக்கு இரு மடங்கு. ஓடி முடித்ததும் தொப்பியில், கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடுகள் படிந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழப்பவராக இருக்கலாம்.

நிறைய குடித்தால் பாதுகாப்புதானே?

இல்லை. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது தண்ணீருக்கும் பொருந்தும்.

2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆய்வாளர்கள் சோதித்தனர். 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழ் இறங்கியிருந்தது. மூவருக்கு ஆபத்தான அளவு. அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது என்ன? பலருக்கு ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தது. அதாவது, இழந்ததைவிட அதிகம் குடித்திருந்தனர். 4 மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

வேகமாக ஓடுபவர்களைவிட, மெதுவாக ஓடிச் சாவடிக்குச் சாவடி நின்று குடிக்கும் புதியவர்களே கவனமாக இருக்கவேண்டும். தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம்... இவை அறிகுறிகள். இவற்றைத் தண்ணீர் போதாததன் அறிகுறி என்று எண்ணி இன்னும் குடித்தால் நிலைமை மோசமாகும். 2 லிட்டர் பை முதுகில் இருக்கிறது என்பதற்காக 2 லிட்டரையும் குடித்து முடிக்கவேண்டியதில்லை.

தண்ணீர் தீர்ந்தால் ஓடைத் தண்ணீர் இருக்கிறதே?

தெளிவாக இருக்கும் ஓடை சுத்தமான ஓடை என்று அர்த்தமில்லை.

2000ஆம் ஆண்டில் சாபாவில் நடந்த இக்கோ-சேலஞ்ச் சாகசப் போட்டியில் 304 பேர் பங்கேற்றனர். ஊர் திரும்பிய பிறகு பலருக்குக் காய்ச்சல். ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. அவர்களில் 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியதோடு அந்த நோய்ப்பரவல் தொடர்புபடுத்தப்பட்டது.

எலி போன்ற விலங்குகளின் சிறுநீரிலிருந்து தண்ணீரில் கலக்கும் கிருமி அது. மிக மெல்லியது. கையடக்க வடிகட்டிகள் சிலவற்றின் துளைகளில் புகுந்துவிடும். எனவே வடிகட்டியை மட்டும் நம்பாமல், குளோரின் மாத்திரையும் போட்டு, அட்டையில் சொன்ன நேரம் காத்திருந்து குடிப்பது பாதுகாப்பு. இரண்டு மாத்திரையின் எடை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பை வாங்கியாச்சு... இனி வெயிலைப் பற்றிக் கவலையில்லையா?

இதுதான் ஆபத்தான நினைப்பு. முதுகில் தண்ணீர் இருந்தால் வெப்பத் தாக்கு வராது என்று இல்லை. ஓடும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை ஆவியானால்தான் அந்த வெப்பம் வெளியேறும். காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை சொட்டும், ஆவியாகாது. சிங்கப்பூரில் அதிகாலையில் வெயில் இல்லை, ஆனால் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும். பையும் முதுகை மூடிக்கொள்கிறது.

2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983க்குப் பிறகு அந்த அளவு பதிவானது அதுவே முதல்முறை. அதே ஆண்டு ஜூலையில் வெப்ப அழுத்த ஆலோசனை அறிமுகமானது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. 31க்குக் கீழ் என்றால் குறைவு. 31 முதல் 33க்குக் கீழ் வரை மிதம். 33உம் அதற்குமேலும் அதிகம். கிளம்பும் முன் 'மைஎன்வி' செயலியில் பார்த்துவிடுங்கள். அதிகம் என்றால் ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். காடு அங்கேயேதான் இருக்கும்.

கூட ஓடுபவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கேட்டதற்குக் குழப்பமாகப் பதில் சொன்னால் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், பையையும் அதிகப்படி உடையையும் கழற்றி, உடல்மீது தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கையோடு உதவிக்கு அழையுங்கள். சிங்கப்பூரில் 995. மலேசியாவில் 999. அந்த நேரத்தில் பையில் மிச்சமிருக்கும் தண்ணீர், குடிப்பதைவிட உடலைக் குளிர்விக்கவே அதிகம் உதவும்.

ஓடி வந்த பிறகு?

பையை மூலையில் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். நம் தட்பவெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும்.

• இனிப்புப் பானத்தை முன்போத்தலில் மட்டும் ஊற்றுங்கள். முதுகு நீர்ப்பைக்கு வெறும் தண்ணீர்.
• வெந்நீரும் சமையல் சோடாவும் கலந்து ஊறவைத்து, குழாயையும் கடிக்கும் முனையையும் கழற்றிக் கழுவுங்கள். பூஞ்சை முதலில் வருவது அங்குதான்.
• தலைகீழாகத் தொங்கவிட்டு, உட்பக்கம் ஒட்டிக்கொள்ளாதவாறு விரித்துக் காயவையுங்கள். முழுதாகக் காயவில்லை என்றால் உறைபெட்டியில் வைக்கலாம்.
• நீர்ப்பையை நிரப்பி மூடியதும் தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தளும்பும் சத்தம் நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. முடிந்தால் வாங்கும் முன் நண்பரின் பையை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். தண்ணீரை நிரப்பி, போட்டியன்று போடப்போகும் அதே சட்டையோடு ஒரு மணி நேரம் ஓடிப் பாருங்கள். எங்கே உரசுகிறது, எங்கே ஆடுகிறது, எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு கடைக்குப் போனால், நூறு வகை இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.